ஒரே சுரம், நான்கு பேர்: நீல் யங்கின் இரண்டாவது ஆல்பம்

'சின்னமன் கேர்ள்' மூன்று நிமிடம்கூட ஓடாத பாட்டு. அது முடியப் போகிற நேரத்தில் ஒரு கிதார் சோலோ, அதாவது தனி வாசிப்பு, வருகிறது. ராக் இசையில் சோலோ என்றதும் நமக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்: விரல்கள் தந்திகளின் மேல் ஓடும், கீழிருந்து மேலே ஏறும், ஒரு உச்சத்தில் போய் நிற்கும். இந்த சோலோவில் அப்படி எதுவும் நடப்பதில்லை. பாட்டை எழுதிப் பாடும் நீல் யங் ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறார். பக்கத்துப் பக்கத்துத் தந்திகள் இரண்டில், மாற்றி மாற்றி, அதே 'டி' சுரம். ஒன்று திறந்த தந்தி, மற்றொன்று அழுத்திப் பிடித்த தந்தி. ஒரு முறை கொஞ்சம் இழுத்து, ஒரு முறை அழுத்தி அடித்து, ஒரு முறை நடுங்க விட்டு. அடியில் கோர்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், மாறிக்கொண்டே இருக்கின்றன, மேலே சுரம் மட்டும் நகர மறுக்கிறது. கேட்டு முடித்த பிறகு, வேறு எந்தச் சுரமும் அங்கே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றும்.

'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்' என்ற ஆல்பத்தின் முதல் பாட்டு இது. 1969 மே மாதம் ரிப்ரைஸ் நிறுவனம் வெளியிட்டது. யங்குக்கு இது தனியாக இரண்டாவது ஆல்பம். ஆனால் அவரோடு வாசித்த கிரேஸி ஹார்ஸ் குழுவின் பெயர் ஒரு தட்டின் மேல் வருவது இதுதான் முதல் தடவை. டேனி விட்டன் இரண்டாவது கிதார், பில்லி டால்பட் பேஸ், ரால்ஃப் மொலினா டிரம்ஸ். 'கிரேஸி ஹார்ஸ் சவுண்ட்' என்று ராக் ரசிகர்கள் இன்றைக்கும் ஒரு ஒலியைச் சொல்கிறார்களே, அது இந்த ஏழு பாட்டுகளில், சுமார் நாற்பது நிமிடத்தில், முழுசாக உருவாகிவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்தக் குழு அதை வளர்த்தது, நீட்டியது, சத்தத்தைக் கூட்டியது. அடிப்படை மாறவில்லை.

அந்த ஒலி எப்படி வந்தது? யங்கின் மேதைமை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இது நான்கு பேர் ஒரே அறையில் ஒருவரையொருவர் கேட்டதால் வந்த ஒலி. அந்த நால்வரில் இன்னும் அதிகமாகப் பேசப்பட வேண்டியவர் டேனி விட்டன்.

இதற்குச் சில மாதம் முன்பு நடந்ததைப் பார்த்தால் விஷயம் பிடிபடும். யங் அதுவரை இருந்த பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழு 1968 மே மாதம் கலைந்தது. கனடாவில் பிறந்து வளர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்திருந்த யங், அந்த ஆண்டின் இறுதியில் தன் பெயரையே தலைப்பாக வைத்து முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அது அடுக்கடுக்காகக் கட்டிய ஆல்பம். ஒரு டிராக்கின் மேல் இன்னொரு டிராக், அதன் மேல் இன்னொன்று. கிதார்களின் மேல் கிதார்கள், வயலின் கூட்டம், பின்னணிக் குரல்கள். ஜாக் நீட்ஷே, ரை கூடர் போன்ற பெரிய கைகள் எல்லாம் அதில் இருந்தன. மோசமான ஆல்பம் என்று சொல்ல மாட்டேன், நல்ல பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் யங்கின் குரல் அந்த அடுக்குகளுக்குள் எங்கோ அமுங்கிக் கிடந்தது. போதாக்குறைக்கு, ஸ்டீரியோ தட்டு மோனோ கருவியிலும் ஓட வேண்டும் என்பதற்காக அப்போது புதிதாக வந்திருந்த ஒரு முறையைத் தட்டு தயாரிக்கும்போது பயன்படுத்தினார்கள். ஒலி இன்னும் மங்கியது. யங்குக்கு மனசே ஆறவில்லை. சில பாட்டுகளைத் திரும்ப மிக்ஸ் செய்து, ஆல்பத்தை மறுபடி வெளியிட வைத்தார்.

அப்புறம் அவர் போனது நேர் எதிர்த் திசையில்.

தி ராக்கெட்ஸ் என்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு குழு இருந்தது. ஆறு பேர். விட்டன், டால்பட், மொலினா மூவரும் அதில் உண்டு. லியான், ஜார்ஜ் விட்செல் சகோதரர்கள் கிதார், பாபி நாட்காஃப் வயலின். 1968இல் ஒயிட் வேல் நிறுவனத்தில் ஒரு ஆல்பம் போட்டார்கள், பெரிதாக விற்கவில்லை. இதில் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. விட்டனும் டால்பட்டும் மொலினாவும் வாத்தியக்காரர்களாகத் தொடங்கியவர்கள் இல்லை, பாட்டுக்காரர்கள். 'டேனி அண்ட் த மெமரீஸ்' என்ற பெயரில் தெருமுனையில் நின்று குரலோடு குரல் சேர்த்துப் பாடுகிற டூ-வாப் வகைக் குழுவாக இருந்தவர்கள். வாத்தியத்தை அதன் பிறகுதான் கையில் எடுத்தார்கள். ஒருவர் மூச்சு எடுக்கும் இடத்தை மற்றவர் அறிந்து சேர்ந்து பாடிப் பழகியவர்கள், வாசிக்கும்போதும் அதே காதோடுதான் வாசிப்பார்கள். கிரேஸி ஹார்ஸின் ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

யங்குக்கு இவர்களை ஏற்கெனவே தெரியும். 1968 ஆகஸ்டில் விஸ்கி எ கோ கோ அரங்கில் ராக்கெட்ஸ் வாசித்தபோது, யங் மேடையேறிக் கூடச் சேர்ந்து வாசித்தார். சில மாதம் கழித்து, மூன்று பேரை மட்டும் ஒரு பதிவுக்காகக் கூப்பிட்டார். மற்ற மூவருக்கும் அது தற்காலிக ஏற்பாடாகத்தான் தெரிந்தது. ராக்கெட்ஸ் அதோடு முடிந்துவிட்டது. புதுக் குழுவுக்கு லகோட்டா மக்களின் போர்த் தலைவர் பெயரை வைத்தார்கள்: கிரேஸி ஹார்ஸ்.

பாட்டுகள் பிறந்த கதை ராக் உலகில் பிரபலமானது. லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் டொபாங்கா கேன்யன் என்ற மலைப்பகுதியில் யங்குக்கு வீடு. ஃப்ளூ வந்து 103 டிகிரி காய்ச்சலோடு படுத்திருந்தபோது, 'சின்னமன் கேர்ள்', 'டவுன் பை த ரிவர்', 'கவ்கேர்ள் இன் த சாண்ட்' மூன்றையும் ஒரே நாளில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆல்பத்தின் மூன்று தூண்களும் இவைதான். காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஒரே நினைப்பு திரும்பத் திரும்பச் சுழலும், நேரம் நீண்டுகொண்டே போகும். 'கவ்கேர்ள்' பத்து நிமிடம், 'டவுன் பை த ரிவர்' ஒன்பது நிமிடம். இரண்டுமே சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகின்றன. காய்ச்சல்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. கேட்கும்போது நெற்றி சுடுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

1969 ஜனவரியிலும் மார்ச்சிலும் ஹாலிவுட்டில் உள்ள வாலி ஹைடர் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. யங்கோடு சேர்ந்து தயாரித்தவர் டேவிட் பிரிக்ஸ். யங் சாலையோரம் லிஃப்ட் கேட்டு நின்றபோது வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டதில் தொடங்கிய நட்பு அது. பிரிக்ஸ் 1995இல் இறக்கும்வரை நீடித்தது. அவருடைய கொள்கை எளிமையானது: யோசிக்க யோசிக்கப் பாட்டு கெட்டுப்போகும். குழுவை ஒன்றாக நிறுத்து, வாசிக்க விடு, மைக்கை வைத்துப் பிடித்துக்கொள். முதல் ஆல்பத்தின் தயாரிப்பிலும் அவர் பங்கு உண்டு. இந்த முறை அந்தக் கொள்கைக்கு ஏற்ற ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

'டவுன் பை த ரிவர்' பாட்டை ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால் இரண்டு கிதாரும் கலந்துவிடும். ஹெட்போனில் ஒரு காதில் யங், மறு காதில் விட்டன். பாட்டின் பெரும்பகுதிக்கு இரண்டே கோர்டுகள்: இ மைனர், ஏ. வேறு எங்கும் போவதில்லை. யங் சோலோ தொடங்கும்போது, இங்கேயும் ஒரே சுரத்தைத்தான் பிடிக்கிறார். சுருக் சுருக்கென்று, வெட்டி வெட்டி, பேச்சு வராதவன் ஒரே எழுத்தில் திக்கி நிற்பது போல. காதலியை ஆற்றங்கரையில் சுட்டுவிட்டதாகச் சொல்கிறவனின் பாட்டு இது. அவன் வாயில் இதற்கு மேல் வார்த்தை எப்படி வரும்?

இப்போது கவனத்தை மறு காதுக்கு மாற்றுங்கள். விட்டன் என்ன செய்கிறார்? ரிதம் கிதார் என்றால் கோர்டைப் பிடித்து ஒரே மாதிரி அடித்துக்கொண்டே இருப்பது என்பதுதான் வழக்கம். அவர் அப்படிச் செய்வதில்லை. யங் திக்கும்போது இவர் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதில் கொடுக்கிறார். யங் நீட்டினால் இவர் அடக்கிக்கொள்கிறார். யங் மூச்சு விடும் இடைவெளியில் இரண்டு சுரம் எடுத்து வைக்கிறார், உடனே விலகிவிடுகிறார். நம்முடைய கச்சேரியில் நல்ல பக்கவாத்தியக்காரர் எங்கே வாசிக்க வேண்டும் என்பதைவிட எங்கே வாசிக்கக் கூடாது என்பதை அதிகம் அறிந்திருப்பார். விட்டனிடம் அந்த ஞானம் இருந்தது. யங்கின் சோலோவுக்கு இருக்கும் பெயரில் பாதி இவருக்குப் போக வேண்டும். இவர் இல்லாத 'டவுன் பை த ரிவர்' வெறும் ஒற்றைச் சுரப் புலம்பலாக நின்றிருக்கும்.

அடியில் டால்பட்டும் மொலினாவும். பேஸ் அடிக்கும் சுரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிரம்ஸில் வேடிக்கை காட்டும் உருட்டல் எதுவும் கிடையாது, பூம், சட், பூம் பூம், சட். வேகமும் மெட்ரோனோம் வைத்தது போல இருக்காது. உணர்ச்சி ஏறும்போது கொஞ்சம் முன்னே சாயும், இறங்கும்போது பின்னே சாயும். காலப்பிரமாணத்தில் கறாரான ஒருவர் கேட்டால் முகம் சுளிப்பார். அந்தக் காலத்துத் தேர்ந்த இசைக்காரர்கள் சிலருக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை, வாசிக்கவே தெரியாதவர்கள் என்று ஒதுக்கினார்கள்.

காலத்தையும் பாருங்கள். ஹெண்ட்ரிக்ஸ் உச்சத்தில் இருக்கிறார். கிரீம் குழு கலைந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. லெட் செப்பலினின் முதல் ஆல்பம் 1969 ஜனவரியில் வந்துவிட்டது. கிதார் என்றால் வேகம், கை வண்ணம், ஆளை அசத்துவது என்று ஊரே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான்கு பேர் மெதுவாக, கனமாக, இரண்டே கோர்டுகளில் ஒன்பது நிமிடம் நின்றார்கள். கூடுதலாக வாசிக்கும் திறமை டால்பட்டிடமும் மொலினாவிடமும் அப்போது இல்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் திறமை கூடிய ஒரு டிரம்மர் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த வெற்றிடங்களை நிரப்பியிருப்பார். யங் திக்குவதற்கு இடம் கிடைத்திருக்காது.

அடுத்து கிதாரின் தொனி. யங் கையில் இருந்தது 1953ஆம் ஆண்டு கிப்ஸன் லெஸ் பால். பொன்னிறத்தில் வந்த கிதார் அது, யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டில் கூட இருந்த ஜிம் மெஸினாவிடம் தன்னுடைய கிரெட்ச் கிதாரைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டார். 'ஓல்ட் பிளாக்' என்று பெயர். கிதாரில் பிக்ஸ்பி என்ற கைப்பிடி உண்டு. அதை மெல்ல அமுக்கினால் எல்லாத் தந்திகளும் சேர்ந்து தளர்ந்து, சுரம் தள்ளாடும். யங்கின் வலது கை அந்தப் பிடியை விட்டு அதிக நேரம் விலகி இருப்பதில்லை.

கிதாரைவிட முக்கியம் ஆம்ப், கிதாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. ஃபெண்டர் டீலக்ஸ், 1959 மாடல், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடையில் ஐம்பது டாலர் அளவில் வாங்கியது. சூட்கேஸ் அளவுள்ள சின்னப் பெட்டி, ஒரே ஒரு ஸ்பீக்கர், சக்தி பதினைந்து வாட் அளவுதான். வீட்டு அறையில் பழகுவதற்கு ஏற்ற சாமான். இதைக் கடைசிவரை திருகி வைத்தால் நடப்பது வேறு. வால்வுகள் தாங்காது. கிதாரிலிருந்து பலமாக ஒரு அடி வந்ததும் உள்ளே மின்னழுத்தம் ஒரு கணம் இறங்கிவிடும், அந்த அடியின் முனை மழுங்கும். அடுத்த கணம் அழுத்தம் மீண்டு வரும்போது சுரம் மறுபடி எழும்பும். அதனால் ஒவ்வொரு சுரமும் மூச்சு விடுவது போலக் கேட்கும்: அமுங்கி, எழுந்து, உதறி, உடைந்து அடங்கும். 'சின்னமன் கேர்ள்' சோலோவில் ஒரே சுரம் ஒவ்வொரு முறையும் வேறாகக் கேட்பதற்கு விரல் பாதிக் காரணம், இந்தப் பெட்டி மீதிக் காரணம். இதன் குமிழ்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. இரண்டு சானல்களும் ஒன்றையொன்று பாதிக்கும், பயன்படுத்தாத சானலின் வால்யூமைத் திருகினால்கூடத் தொனி மாறும். அந்த நுணுக்கமான நிலைகள் யங்குக்கு அவ்வளவு முக்கியமாகப் பட்டதால், பின்னாளில் மேடையில் காலால் ஒரு பட்டனை மிதித்தால் மோட்டார் வைத்துக் குமிழ்களைத் தானாகத் திருகும் ஒரு கருவியையே செய்ய வைத்தார். அதே டீலக்ஸ் பெட்டிதான் பல பத்தாண்டுகளாக அவர் கூட வருகிறது.

'சின்னமன் கேர்ள்' பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, அதாவது ரிஃப், அந்த கனத்தோடு ஒலிப்பதற்கு சுருதி சேர்த்த விதமும் காரணம். ஆறாவது தந்தியையும் முதல் தந்தியையும் இ-யிலிருந்து டி-க்கு இறக்கியிருக்கிறார்கள். அடியில் ஒரு டி, மேலே ஒரு டி, தம்பூரா மாதிரி எப்போதும் காதில் இருக்கும். அந்தப் பாட்டில் பாடுகிற குரல் யாருடையது என்று ஒரு முறை கூர்ந்து கேளுங்கள். மேலே ஒலிப்பது விட்டன், யங் கீழ் ஸ்தாயியில் இருக்கிறார். தன் ஆல்பத்தின் முதல் பாட்டில் தன் குரலைக் கீழே வைத்துக்கொண்டு, நண்பனின் குரலை மேலே விட்டிருக்கிறார். டூ-வாப் நாட்களில் பழகிய குரல் அது, தழைந்து, கொஞ்சம் கரகரத்து, அதே நேரம் இனிமையாக.

குரலைப் பதிவு செய்த விதத்திலும் இந்த ஆல்பம் முதல் ஆல்பத்துக்கு எதிர். தலைப்புப் பாட்டில் நாம் கேட்கும் யங்கின் குரல் இறுதிப் பதிவுக்காகப் பாடியது இல்லை. ஒத்திகைக்காக, ஸ்டுடியோவில் பேசிக்கொள்ள வைத்திருந்த ஒரு சாதாரண மைக்கில் பாடியது. எதிரொலி இல்லை, பளபளப்பு இல்லை. அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். 'ரவுண்ட் அண்ட் ரவுண்ட்' இன்னும் நெருக்கம். யங், விட்டன், பாடகி ராபின் லேன் மூவரும் அரைவட்டமாக உட்கார்ந்து நேராகப் பாடியது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வாசிப்பதால் கிதார் மைக்குக்குக் கிட்டே வருவதும் விலகுவதும் கேட்கும். டிரம்ஸ் இல்லை. ஆனாலும் இது கிரேஸி ஹார்ஸ் ஒலிதான்: ஒரே அறை, ஒரே மூச்சு.

'த லூஸிங் எண்ட்', தலைப்புப் பாட்டு இரண்டும் கன்ட்ரி சாயல் கொண்டவை. நல்ல பாட்டுகள், ஆனால் அவற்றுக்காக மட்டும் யாரும் இந்தத் தட்டை ஐம்பது ஆண்டு வைத்திருக்க மாட்டார்கள். 'ரன்னிங் ட்ரை' அப்படி ஒதுக்கக் கூடியது இல்லை. ராக்கெட்ஸ் குழுவின் பாபி நாட்காஃப் இந்த ஒரு பாட்டில் வயலின் வாசிக்கிறார். இழுத்து, அழுது, சுருதியின் விளிம்பில் நடக்கிற வயலின். அந்தப் பாட்டின் துணைத் தலைப்பு 'ராக்கெட்ஸுக்கு ஒரு இரங்கற்பா' என்று பொருள்படும். தான் ஆட்களை எடுத்துக்கொண்டதால் இல்லாமல் போன குழுவுக்கு, அந்த ஆல்பத்திலேயே, அந்தக் குழுவின் வயலின்காரரைக் கூப்பிட்டு வைத்து இரங்கல். யங் மனதில் என்ன ஓடியதோ. அந்த வயலினில் ஒரு குற்ற உணர்வு எனக்குக் கேட்கிறது.

ஆல்பம் உடனே ஓடிவிடவில்லை. அதே 1969 கோடையில் யங், கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரோடு சேர்ந்தார், உட்ஸ்டாக் இசை விழா மேடையிலும் வாசித்தார். அந்தப் பெயர் பரவிய பிறகுதான் மக்கள் திரும்பி வந்து இந்தத் தட்டை வாங்கினார்கள். 1970 ஆகஸ்டில், வெளிவந்து ஓராண்டுக்கும் மேல் கழித்து, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 34ஆம் இடத்தைத் தொட்டது. பிறகு பத்து லட்சம் பிரதிகள் தாண்டி பிளாட்டினம் ஆனது. ஒரு பக்கம் குரல்களை மெருகேற்றி அடுக்கும் நட்சத்திரக் குழு, மறு பக்கம் இந்த முரட்டுக் குழு. யங் இரண்டிலும் கால் வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்கத் திரும்பித் திரும்பி வந்தது இரண்டாவதிடம்தான்.

விட்டனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1970 தொடங்கும்போதே ஹெராயின் அவரைப் பிடித்துவிட்டது. 1971இல் யங் இல்லாமல் கிரேஸி ஹார்ஸ் தனியாக ஒரு ஆல்பம் போட்டது. அதில் விட்டன் எழுதிப் பாடிய 'ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபௌட் இட்' பின்னால் ராட் ஸ்டூவர்ட் குரலில் உலகம் சுற்றியது. 1972 நவம்பரில் யங் ஒரு பெரிய சுற்றுப்பயணத்துக்கு ஒத்திகை வைத்து விட்டனையும் அழைத்தார். விட்டனால் வாசிக்க முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 18 அன்று இறந்துபோனார். வயது 29.

1975இல் ஃபிராங்க் சாம்பெட்ரோ அந்த இடத்துக்கு வந்தார். 'ஸூமா', 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்', 'ராக்ட் குளோரி' என்று ஆல்பங்கள் தொடர்ந்தன. தொண்ணூறுகளில் சோனிக் யூத் குழுவினர் இவர்களோடு ஒரே மேடைப் பயணம் போனார்கள், பேர்ல் ஜாம் குழுவினர் யங்கோடு சேர்ந்து ஆல்பமே போட்டார்கள். கிரஞ்ச் என்ற முரட்டு ராக் வகையை வாசித்த சியாட்டில் இளைஞர்கள் தேடிய அந்த உடைந்த, மெதுவான, கனத்த கிதார் ஒலி இருபது ஆண்டுக்கு முன்பே வாலி ஹைடர் ஸ்டுடியோவில் பதிவாகி இருந்தது. சாம்பெட்ரோ நல்ல வாசிப்பாளர், குழுவைத் தாங்கிப் பிடித்தவர். ஆனால் அவர் சுவர் எழுப்பி வாசிப்பவர். விட்டன் யங்கோடு பேசியவர். 'டவுன் பை த ரிவர்' போல இரண்டு கிதார் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது அப்புறம் அந்த அளவுக்கு அமையவில்லை.

1970 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் விட்டனோடு வாசித்த கச்சேரி 2006இல் முழு ஆல்பமாக வெளிவந்தது. அதில் 'கவ்கேர்ள்' பதினாறு நிமிடம். அந்தக் கச்சேரியிலிருந்து ஒரே ஒரு பாட்டை மட்டும் யங் முன்பே எடுத்து வெளியிட்டிருந்தார். விட்டனும், அதே போதையால் போன இன்னொரு நண்பரும் இறந்த துக்கத்தில் செய்த 'டுநைட்ஸ் த நைட்' ஆல்பத்தில் அது இருக்கிறது. 1975இல் வெளிவந்த ஆல்பம். இருட்டும் தள்ளாட்டமுமான பாட்டுகளுக்கு நடுவே திடீரென்று கூட்டத்தின் முன் துள்ளலாக ஒரு பாட்டு தொடங்கும். பாடுவது யங் இல்லை. டேனி விட்டன், முழுக் குரலில். யங் பின்னால் கிதார் வாசித்துக்கொண்டு கூடச் சேர்ந்து பாடுகிறார்.